ஒழுங்கையில் நிற்கும் காருக்கு எண்ணெய் மாற்றுதல்

கார் வைத்திருப்போர் எல்லோருக்கும் அதை நிறுத்துவதற்குக் கொட்டகையும் முற்றமும் இருக்கும் என்று எண்ணுவதற்கில்லை. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே கதியால் வேலிக்கும் மதிலுக்கும் இடையே வளைந்து செல்லும் ஒழுங்கைகள் மாட்டுவண்டிக் காலத்தவை. அவற்றின் ஓரத்திலுள்ள பல வளவுகளின் படலை, சைக்கிள் ஒன்றை உருட்டிச் செல்லும் அகலமே உடையது. ஆகவே கார் ஒழுங்கையின் அகன்ற மூலையில் மதிலோடு ஒட்டியபடி இரவைக் கழிக்கின்றது. கொழும்பிலே, காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை வீதிகளிலும் இதே நிலைதான். தொடர்மாடி வீட்டின் நாலாம் மாடியிலே குடியிருப்பவருடைய பழைய கார் கீழே தெருவோரத்திலே வெயிலும் உப்புக்காற்றும் தின்னக் கிடக்கின்றது.

இத்தகையோர் தம் காரின் எஞ்சின் எண்ணெயைத் தாமே மாற்றிக்கொள்ளலாமா என்பது இன்று பலர் கேட்கும் கேள்வி. கேட்பதற்குக் காரணமும் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025ஆம் ஆண்டிலேதான். இடையிலே 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வந்தது. ரூபாயின் மதிப்பு வீழ்ந்தது. எண்ணெயும் உதிரிப்பாகமும் விலையேறின. விற்றுவிட்டு வேறு வாங்கலாம் என்றிருந்தவர்கள் இருப்பதைப் பேணிக்கொள்ள வேண்டியவராயினர். சேர்விஸ் நிலையத்திலே கொடுக்கும் கூலியை மிச்சம்பிடிக்கலாம் என்ற எண்ணம் அப்போது எழுந்தது இயல்பே.

செய்யலாம் என்பதே விடை. ஒரு மணி நேரத்து வேலை; ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த எவரும் கற்றுக்கொள்ளக் கூடியது. ஆயினும் அதிலே இரண்டு இடங்களில் மட்டும் கவனக்குறைவுக்கு இடமே இல்லை. ஒன்று, செய்பவருடைய உயிரைப் பற்றியது. மற்றது, அயலாருடைய கிணற்றைப் பற்றியது.

முதலில் எண்ணெயை ஏன் மாற்ற வேண்டும் என்பதைப் பார்ப்போம். எஞ்சினுக்குள் ஒன்றோடொன்று உராயும் உலோகப் பாகங்களுக்கிடையே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுப்பது எண்ணெயின் முதல் வேலை. வெப்பத்தைச் சுமந்து செல்வதும், புகைக்கரியையும் நுண்ணிய உலோகத் துகளையும் தன்னுள் ஏந்தி வைத்திருப்பதும் அதன் ஏனைய வேலைகள். எரிபொருள் எரியும்போது உண்டாகும் வாயுக்களிற் சிறிதளவு வளையங்களுக்கூடாகக் கசிந்து கீழே இறங்கும். அவற்றோடு நீராவியும் அமிலமும் எண்ணெயிற் சேரும். காலையிலே சந்தைக்கும் மாலையிலே கோயிலுக்கும் என்று ஒரு மைல், இரண்டு மைல் மட்டும் ஓடும் காருக்குத்தான் இந்தக் கேடு அதிகம். எஞ்சின் நன்கு சூடேறி அந்த நீரை ஆவியாக்கிவிட அவகாசம் கிடைப்பதில்லை. குறைவாக ஓடும் காருக்கு எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை என்று நினைப்போர் இதைக் கருத வேண்டும்.

எண்ணெய் கெட்டால் என்ன நிகழும் என்பதை யாழ்ப்பாணத்தவரைப் போல் அனுபவத்தில் அறிந்தோர் உலகிற் குறைவு. 1990ஆம் ஆண்டில் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை வந்தபின், பெற்றோல் என்பது மருந்துப் போத்தலில் வைத்துப் பேணும் பொருளாயிற்று. அக்காலத்திலே மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40 கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயோடு தாவர எண்ணெய் கலந்து ஓட்டியவர்களும் உண்டு. புகை ஊரெல்லாம் பரவும். ஆனால் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வார்.

அந்தக் கார்கள் அதைத் தாங்கியது வியப்பன்று. 1948ஆம் ஆண்டு இலண்டனிலே முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்ட மொறிஸ் மைனரும் அதன் காலத்து ஏனைய கார்களும் குறைந்த அமுக்க விகிதமுடைய எஞ்சின்களைக் கொண்டவை. தரங்குறைந்த எரிபொருளையும் அவை ஏற்றுக்கொண்டன. ஆனால் அவை வேறோர் இடத்திலே அதற்கு விலை கொடுத்தன. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல் இலகுவில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சியது உருளையின் சுவர்வழியே வழிந்து, கீழேயிருக்கும் எண்ணெய்த் தொட்டியிற் சேரும். அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் குறையாமல் கூடியிருக்கும்! அறியாதவர் மகிழ்வார்; அறிந்த மெக்கானிக் அதை மோந்து பார்த்து, விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்துத் தலையசைப்பார். நீர்த்துப்போன எண்ணெய் படலமாக நிற்காது; தாங்கிகள் தேய்ந்து எஞ்சின் தட்டத் தொடங்கும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு அடிக்கடி எண்ணெய் மாற்ற வேண்டும் என்பது பழைய உழவு இயந்திரங்களிலே கற்ற பாடம். புதிய எண்ணெயோ அந்நாளிற் கிடைத்தற்கரிய பொருள். எண்ணெய் மாற்றும் பழக்கம் அங்கே பலருக்குக் கைவந்தது அவ்விதமாகவே. கொட்டகையும் குழியும் தேடி எவரும் காத்திருக்கவில்லை.

இனி, இடத்தைப் பற்றிப் பேசலாம். தெருவிலே செய்யும் வேலைக்குச் சமதளமான இடமே வேண்டும். சரிவிலே செய்தால் எண்ணெய் முழுவதும் வடியாது, அளவும் பிழையாகக் காட்டும், அவற்றிற்கு மேலாகக் கார் உருளவும் கூடும். பிறர் படலைக்கு முன்னாலோ, கோயில் வாசலிலோ, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்திலோ இதைத் தொடங்கலாகாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி ஏற்ற நேரம். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நன்று. சொல்லி வைத்தால் அவரே ஒரு பழஞ்சாக்கோடு வந்து நின்று யோசனை சொல்வார். சொல்லாது விட்டால் மதிலுக்கு மேலாற் பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளவத்தை போன்ற இடங்களிலே தொடர்மாடியின் முகாமையாளரையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நகர வீதியிலே போக்குவரத்துக்கு இடையூறாகக் காருக்கடியிற் படுத்துக் கிடப்பதைப் பொலிசார் பார்த்துக்கொண்டு போவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஊருக்கு வெளியே நண்பர் ஒருவரின் வளவு கிடைக்குமாயின் அதுவே சாலச் சிறந்தது.

உயிரைப் பற்றியது என்று சொல்லப்பட்ட விடயம் இங்கேதான் வருகின்றது. காரோடு வரும் ஜாக்கி, ரயர் மாற்றுவதற்காகச் செய்யப்பட்டது. அதிலே காரை உயர்த்திவிட்டு அதன் கீழே தலையைக் கொடுப்பது எக்காலத்தும் கூடாது. ஒழுங்கையின் மணல் இலேசானது. காலையிலே உறுதியாகத் தோன்றும் நிலம், ஒருபக்கப் பாரம் ஏறியதும் ஜாக்கியின் சிறிய அடித்தட்டை விழுங்கத் தொடங்கும். ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய சீமந்துக் கற்களும் நம்பத்தக்கவையல்ல. அவை பாரத்தைத் தாங்கிக்கொண்டே இருந்து, முன்னறிவிப்பின்றி ஒரு கணத்தில் நொறுங்குபவை. உயர்த்தியே ஆக வேண்டுமாயின், காரின் பாரத்துக்கென்றே செய்த இரும்புத் தாங்குகால்களை, தடித்த பலகையின்மீது வைத்து, அவற்றின்மேற் காரை இறக்கிய பின்னரே கீழே செல்ல வேண்டும். நிலத்தில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்குற்றி வைத்து, கைத்தடையையும் இழுத்துவிட வேண்டும்.

ஆனால் உயர்த்தாமலே செய்யக்கூடிய கார்கள் பல. பழைய மொறிஸ் மைனர் நிலத்திலிருந்து போதிய உயரத்தில் நிற்பது. மெலிந்த உடம்புக்காரர் ஒருவர் பக்கவாட்டிற் படுத்துக் கைநீட்டினால் நட்டு எட்டும். தெருவோரக் கல்விளிம்பின் மீது ஒருபக்கச் சக்கரங்களை மெதுவாக ஏற்றி நிறுத்தினால் மேலும் சில அங்குலம் கிடைக்கும். அவ்வாறு வடித்தாலும், பின்னர்ப் புதிய எண்ணெயின் அளவைக் காரைச் சமதளத்துக்குக் கொண்டுவந்தே பார்க்க வேண்டும். தாழ்ந்த உடலமைப்புள்ள இக்காலக் கார்களுக்கு மற்றொரு வழியும் உண்டு. அளவுக்கம்பி செல்லும் துவாரத்தினூடாக மெல்லிய குழாயைத் தொட்டியின் அடிவரை இறக்கி, கையாற் பம்பி எண்ணெயை மேலே உறிஞ்சி எடுக்கும் கருவி அது. காருக்கடியிற் போகவே தேவையில்லை. தரையிற் சிந்துவதும் அருமை. எல்லாக் கார்களிலும் அடிவண்டல் முழுவதும் வந்துவிடாது என்று பழைய மெக்கானிக்குகள் குறை சொல்வதுண்டு. அந்தக் குறையிலே ஓரளவு உண்மையும் இருக்கின்றது. எனினும் தெருவிலே நிற்கும் காருக்கு, அரைக் கரண்டி வண்டலினும் ஆளின் நெஞ்செலும்பு முக்கியம்.

செய்யும் முறை எளிது. எஞ்சினை ஐந்து நிமிடமளவு ஓடவிட்டு நிறுத்த வேண்டும். இளஞ்சூடான எண்ணெய் அழுக்கையும் ஏந்திக்கொண்டு விரைவாக வடியும். கொதிக்கும் சூட்டில் வடிக்க முற்பட்டாற் கை வெந்துவிடும். மேலே எண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்திய பின், அடியிலிருக்கும் நட்டை அதற்குச் சரியான அளவு ஸ்பானரினால், அதுவும் தலையை முழுவதும் கவ்வும் வளைய ஸ்பானரினால், திருப்ப வேண்டும். கடைசிப் புரிகளைக் கைவிரலாற் கழற்றும்போது நட்டை உள்நோக்கி அழுத்தியபடியே சுழற்றி, சட்டென்று விலக்கினால் எண்ணெய் கையில் வழியாது. பாத்திரத்தை வைக்கும் இடம் கவனிக்கத்தக்கது. முதலில் எண்ணெய் வீச்சோடு சற்றுத் தூரத்தில் விழும். தொட்டி ஒழிய ஒழிய அந்த வீச்சு குறைந்து நேர்கீழாக விழத் தொடங்கும். முன்னரே அகன்ற பாத்திரம் வைத்தவர் தப்பினார். சிறிய வாளி வைத்தவர் அதை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

திறந்த வெளியில் வேலை செய்வோருக்குக் காற்றும் ஒரு பகை. சோளகம் வீசும் மாதங்களிலே, நூல்போல இறங்கும் கடைசி எண்ணெயைக் காற்று பாத்திரத்துக்கு வெளியே கொண்டுபோய்த் தெளிக்கும். காற்று வரும் பக்கத்திலே ஒரு சாக்கையோ பலகையையோ சாத்திவைப்பதும், பாத்திரத்துக்குக் கீழே பழைய தகரத்தை விரித்துவைப்பதும் போதும். வாடைக்காற்றின் மழைக்காலத்திலே இந்த வேலையைத் தொடங்காமலிருப்பதே அறிவு. தரையிற் சிந்தும் ஒரு கரண்டி எண்ணெயை வெள்ளம் ஊர்முழுவதும் பங்கிட்டுவிடும்.

எண்ணெய் வடிந்துகொண்டிருக்கையில் வடிகட்டியைக் கழற்றலாம். புதிய வடிகட்டியின் இறப்பர் வளையத்தில் நல்லெண்ணெய் தடவுவோரும் உளர். புதிய எஞ்சின் எண்ணெயையே ஒரு விரலால் தொட்டுப் பூசுவது முறை. பழைய வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இரு வளையங்கள் அமைந்துவிட்டால், எஞ்சின் ஓடத் தொடங்கிய சில கணங்களிலே எண்ணெய் முழுவதும் தெருவுக்கு வந்துவிடும். வடிகட்டியைக் கையினால் இறுக்கினாற் போதும். அடிநட்டுக்குப் புதிய செப்பு வாஷர் போட்டு அளவோடு இறுக்க வேண்டும். பலத்தைக் காட்டினால் தொட்டியின் புரி அறுந்துபோம். பின்னர்ப் புனல் வைத்துப் புதிய எண்ணெயை ஊற்ற வேண்டும். மொறிஸ் மைனர் 1000க்கு வடிகட்டி உட்பட ஆறரைப் பைந்து, அதாவது ஏறத்தாழ 3.7 லீற்றர் பிடிக்கும். எந்தக் காராயினும் கைநூலிலே சொன்ன அளவிற் சிறிது குறைத்து ஊற்றி, அளவுக்கம்பியைப் பார்த்து மிகுதியை நிரப்புவது நல்லது. எஞ்சினை உயிர்ப்பித்து, எண்ணெய் விளக்கு அணைந்ததைக் கண்டு, நிறுத்தி, கீழே குனிந்து கசிவைப் பார்த்து, சில நிமிடங்களின் பின் அளவை மறுபடியும் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபின், தெருவோரத்திலே மூன்றரை, நாலு லீற்றர் கறுப்பு எண்ணெய் ஒரு பாத்திரத்தில் நிற்கின்றது. புதிய எண்ணெயை விலைகொடுத்து வாங்கியவர் பழைய எண்ணெயைப் பற்றிச் சிந்திப்பது பெரும்பாலும் அப்போதுதான். அது மிகவும் பிந்திய சிந்தனை.

கழிவு ஒயில் என்று நாட்டிலே வழங்கும் இந்தப் பொருளுக்குப் பழைய காலத்திலே பல உபயோகங்கள் இருந்தன. வேலிக் கதியாலின் அடியிலும், கூரையின் பனஞ்சிலாகையிலும் கறையானுக்கு மருந்தாகப் பூசினார்கள். புழுதி கிளம்பாமல் ஒழுங்கையிலே தெளித்தவர்களும் உண்டு. பகைவர் வீட்டுச் சுவரிலும் பெயர்ப்பலகையிலும் இரவோடிரவாக வீசப்படுவதும் பத்திரிகைச் செய்தியாக இன்றளவும் வந்துகொண்டிருப்பதே. கறையானுக்குப் பூசுவது சிக்கனம் போலத் தோன்றும். சிக்கனம் எனப் பாராட்டப்பட்டதும் உண்டு. ஆனால் மழை பெய்ததும் அது மரத்தை விட்டு மண்ணுக்கு இறங்குகின்றது. அதிலே எஞ்சின் தேய்ந்த உலோகங்களும், எரிதலால் உண்டான நச்சுச் சேர்வைகளும் கலந்திருக்கின்றன. ஈயம் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டிலே இலங்கையில் நிறுத்தப்பட்டதனால் அந்த ஒரு நஞ்சு குறைந்தது, மற்றவை குறையவில்லை. தோலிலே நெடுங்காலம் அடிக்கடி படுமாயின் இந்த எண்ணெய் தோற்புற்றுநோய்க்கு ஏதுவாகும் என்பதனாலேயே, கையுறை அணிந்துகொள்ளும்படியும் அழுக்குச் சீலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாதிருக்கும்படியும் தொழிலாளருக்கு அறிவுறுத்தப்படுகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் கிணற்று நீரே கதி. அந்த நீர் தங்கியிருப்பது வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணாம்புக்கற் பாறையிலே. மாரி மழை மண்ணினூடாக விரைவில் இறங்கி அப்பாறையைச் சேர்கின்றது. உப்புநீரின் மேலே நன்னீர் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கின்றது. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றிலே மேற்புறம் நன்னீரும் ஆழத்திலே உப்புநீரும் இருப்பதை ஆய்வாளர் அளந்து கண்டிருக்கின்றனர். இத்தகைய நிலத்திலே, ஒரு வளவில் ஊற்றப்பட்டது அவ்வளவிலேயே நிற்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. பாறைக்கு வேலி தெரியாது. மேலும் எண்ணெய் நீரினும் இலேசானது. வாளி தொட்டு அள்ளுகின்ற மேற்பரப்பிலேதான் அது மிதக்கும்.

இது வெறும் அச்சமன்று. சுன்னாகத்திலே மின் உற்பத்தி நிலையத்தைச் சூழ்ந்த ஊர்களின் கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டதென்ற முறையீடு 2014, 2015ஆம் ஆண்டுகளிலே குடாநாட்டையே கலக்கியது. தம் கிணற்று நீரைக் குடிக்க அஞ்சிய குடும்பங்கள் வண்டியிற் கொண்டுவரப்பட்ட தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்றன. தலைமுறை தலைமுறையாக வந்தவருக்கெல்லாம் தண்ணீர் வார்த்த வீட்டார், விருந்தினர் முன்னே செம்பை வைக்கத் தயங்கிய நிலை அது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019ஆம் ஆண்டிலே, பாதிக்கப்பட்டோருக்காக 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தும்படி மின் உற்பத்தி செய்த கம்பெனிக்குத் தீர்ப்பளிக்கப்பட்டது. பெரிய நிலையம் ஒன்றின் செய்கையையும் ஒரு காரின் நாலு லீற்றரையும் ஒரே தராசிலே வைப்பது நியாயமல்லத்தான். ஆனால் ஒரு கலன் பழைய எண்ணெய் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்க நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் தன் மக்களுக்குச் சொல்லி வருகின்றது. ஒரு ஒழுங்கையிலே பத்துக் கார் நின்றால் கணக்கை நேயர்களே போட்டுக்கொள்ளலாம். கொழும்பிலே கிணறு இல்லையே என்போருக்கும் விதிவிலக்கில்லை. தெருவோரக் கானிலே ஊற்றியது வாய்க்காலுக்கும் கடலுக்கும் போகின்றது.

ஆகையால் வேலையைத் தொடங்குமுன்பே பழைய எண்ணெய்க்கு ஓரிடம் பார்த்துவைக்க வேண்டும். புதிய எண்ணெய் வந்த கலனே அதற்கு ஏற்றது. அளவும் ஒத்திருக்கும், மூடியும் இறுக்கமானது. பாத்திரத்திலிருந்து புனல் வைத்து அதற்குள் ஊற்றி, கழிவு எண்ணெய் என்று வெளியே எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். தேங்காயெண்ணெய்ப் போத்தலிலோ குடிநீர்ப் போத்தலிலோ ஊற்றிவைப்பது பெருந்தவறு. பெற்றோலையோ தண்ணீரையோ பிறேக் எண்ணெயையோ அதனோடு கலக்கலாகாது. கலந்துவிட்டால் வாங்குவோர் மறுப்பர். கழற்றிய வடிகட்டிக்குள்ளும் எண்ணெய் தங்கியிருக்கும். அதைப் பாத்திரத்தின் மீது ஓரிரவு கவிழ்த்து வைத்தால் மேலும் ஒரு கிண்ணம் வடியும். தரையிலே சிந்தியதை நீரூற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது, அதை மேலும் ஆழத்துக்கு அனுப்புவதேயாகும். உமியோ மரத்தூளோ உலர்ந்த மணலோ தூவி, ஊறவிட்டு, கூட்டி அள்ளி ஒரு பையிலே கட்டிவிட வேண்டும்.

சேர்ந்த எண்ணெயை ஏற்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய சேர்விஸ் நிலையங்களிலே கழிவு எண்ணெயைப் பீப்பாய்களிற் சேர்த்து வைத்து, அதைச் சேகரிக்கும் நிறுவனங்களுக்குக் கொடுப்பது வழக்கம். மிக உயர்ந்த வெப்பத்தில் எரியும் சூளைகளிலே அது எரிபொருளாகின்றது. சுத்திகரித்து மறுபடியும் எண்ணெயாக்கும் முறையும் உலகில் உண்டு. எல்லா நிலையத்தாரும் வெளியார் எண்ணெயை ஏற்பதில்லை. முதலில் தொலைபேசியிற் கேட்டுக்கொண்டு செல்வதே முறை. வழக்கமாக எண்ணெயும் வடிகட்டியும் வாங்கும் இடத்திலே, வாங்கும்போதே கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வேலையை எங்கே செய்தார் என்று மெக்கானிக் கேட்பார்; ஒழுங்கையில் என்றால் சிரிப்பார்; பீப்பாயைக் காட்டுவார். அவர் வெறும் கலனைத் திருப்பிக் கொடுப்பார். அதைக் கழுவ வேண்டியதில்லை. மூடியை இறுக்கிப் பின்பெட்டியிலே போட்டுவைத்தால் அடுத்த தடவைக்கும் அதுவே உதவும்.